பால் உப்புக் கரிப்பது ஏன்?
பசுவின் மடியிலுள்ள நுண்ணிய அடைப்புகளும் அவற்றைக் காக்கும் முறையும்

கறவைப் பசு வைத்திருக்கும் குடியானவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம் ஒன்றுண்டு. மூன்று காம்புகளின் பால் வழக்கம்போல் தித்திப்பாக இருக்கையில், நான்காவது காம்பின் பால் மட்டும் உப்புக் கரிக்கும். மடியைத் தொட்டுப் பார்த்தால் வீக்கமோ சூடோ தென்படாது. பசுவும் குறைவின்றித் தீனி தின்னும். இரண்டொரு நாள் சென்றபின் அக்காம்பில் பால் நீர்த்துத் திரிதிரியாக வரத் தொடங்கும். சில சமயங்களில் அக்காம்பு அந்த ஈற்றுக்கு மட்டுமன்றி என்றைக்குமே பாழாகிவிடுவதும் உண்டு. இதற்குக் கண்ணேறு என்றும், தீனிக் கோளாறு என்றும், உப்புத் தண்ணீர் காட்டியதன் பயன் என்றும் பலவாறு காரணம் கூறப்படுகின்றது. உண்மையில் அவ்வுப்பு தீவனத்திலிருந்தோ தண்ணீரிலிருந்தோ நேரே பாலில் சேர்ந்ததன்று. பசுவின் சொந்த இரத்தத்திலிருந்து கசிந்து வந்தது. அக்கசிவு எவ்வழியே நிகழ்கின்றது, நல்ல மடியில் அவ்வழி எவ்வாறு அடைபட்டிருக்கின்றது என்பவை சென்ற அறுபது ஆண்டுகளில் விஞ்ஞானிகளால் படிப்படியாகக் கண்டறியப்பட்டன. மடிநோயால் நஷ்டமடையும் ஒவ்வொருவரும் இதனைத் தெரிந்துகொள்வது நலம்.

மடியின் உள்ளமைப்பு

மடியை வெறும் தோற்பை என்று எண்ணுவது தவறு. அதன் உட்பகுதி, கொடியில் நெருங்கிக் காய்த்த திராட்சைக் குலைகளைப் போன்றது. ஒவ்வொரு பழத்துக்கும் ஒப்பாகக் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய பால்பை ஒன்று இருக்கும். அப்பையின் சுவர் ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆனது. சுவருக்கு வெளியே மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. உள்ளே பால் தங்குகின்றது. ஒரு லிட்டர் பால் உண்டாவதற்கு ஏறக்குறைய 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியே ஓட வேண்டியிருக்கின்றது. கன்று முட்டும்போதும் கறவைக்காரர் காம்பைத் தொடும்போதும், ஒவ்வொரு பால்பையையும் சூழ்ந்துள்ள வேறு சில உயிரணுக்கள் சுருங்கி அதனைப் பிழிந்து பாலைக் கீழே அனுப்புகின்றன. இதையே சுரப்பு விடுதல் என்று சொல்லுகின்றோர்.

இவ்வொற்றை அடுக்குச் சுவரின் இருபுறத்திலும் உள்ள திரவங்களின் வேற்றுமை வியக்கத்தக்கது. இரத்த நீரில் ஒரு லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் ஸோடியம் உண்டு. பாலிலோ அரை கிராம் அளவே உண்டு. பாலில் ஒரு லிட்டருக்கு 45 கிராமுக்குக் குறையாத பாற்சர்க்கரை இருக்க, இரத்தத்தில் அச்சர்க்கரை இல்லையென்றே சொல்லலாம். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவது கரைந்த பொருள்களின் இயற்கை. ஆதலால் உப்பு உள்ளே புகவும், சர்க்கரை வெளியே ஓடவும் ஓயாமல் முயன்றுகொண்டே இருக்கின்றன. அவை அங்ஙனம் கலந்துவிடாமல் தடுப்பது இந்த மெல்லிய சுவர் ஒன்றே.

உயிரணுவின் உடலைச் சுற்றியுள்ள சவ்வு உப்பை எளிதில் விடுவதில்லை. ஆனால் ஓர் உயிரணுவுக்கும் அடுத்த உயிரணுவுக்கும் நடுவில் உள்ள இடுக்கு என்னவாகும்? நெற்குதிரை ஒன்றன்மேல் ஒன்றாக உறைகளை அடுக்கி அமைப்பவர், உறை எவ்வளவு நன்றாகச் சுட்டதாயிருப்பினும், உறைகளின் சந்துகளை மண் குழைத்துப் பூசாமல் நெல்லைக் கொட்டுவதில்லை. மடியிலும் கவனிக்க வேண்டியது சந்துகளையே.

இறுக்கப் பிணைப்பு

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேரிலின் பார்க்கர், ஜார்ஜ் பலாடி என்னும் இரு விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் பூதக்கண்ணாடியின் உதவியால் இச்சந்துகளை ஆராய்ந்து விவரம் வெளியிட்டனர். குடல், சுரப்பிகள் முதலியவற்றின் உட்புறத்தை மூடியுள்ள உயிரணுக்கள், தம் தலைப்புறத்துக்கு அருகில் ஒன்றையொன்று சுற்றிலும் தழுவி இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பதை அவர்கள் கண்டனர். இதுவே இறுக்கப் பிணைப்பு எனப்படும். பால்பையில் இப்பிணைப்பு பால் தங்கும் பக்கத்துக்கு அடுத்தாற்போல் அமைந்திருக்கின்றது.

அங்கே பூச்சு மண்ணாக இருப்பது எது என்பது தெரிய இன்னும் பல ஆண்டுகள் சென்றன. ஜப்பான் தேசத்தில் ஷோய்ச்சிரோ ட்ஸுகிட்டாவும் அவருடைய துணைவர்களும் 1993இல் ஆக்லுடின் என்ற புரோட்டீனையும், 1998இல் கிளாடின் என்ற புரோட்டீனையும் கண்டறிந்தனர். கிளாடின் என்ற பெயர் மூடுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஓர் உயிரணுவின் சவ்விலிருந்து வெளியே தலைநீட்டும் கிளாடின், அடுத்த உயிரணுவின் கிளாடினுடன் கைகோத்துக்கொள்கின்றது. இவ்வாறு கோத்தவை வரிசை வரிசையாக நின்று வேலிபோல் உயிரணுவைச் சுற்றி வளைக்கின்றன. எந்த உப்பு எவ்வளவு கடக்கலாம் என்பது அவ்வேலியில் எந்த வகைக் கிளாடின் நிற்கின்றது என்பதைப் பொறுத்தது.

எனினும் வேலி நட்டுவிட்டால் மட்டும் போதாது. முளைகள் தரையில் ஊன்றியிராவிடில் மாடு ஒருமுறை உரசினாலே வேலி சாய்ந்துவிடும். மடியோ நாள்தோறும் இருமுறை நிறைந்து விரிந்து, பின் சுருங்கும் உறுப்பு. பால்பையின் சுவர் அவ்வளவு இழுபட்டும் சந்துகள் விட்டுப்போகாமல் இருப்பதன் காரணத்தை உயிரணுவின் உள்ளே தேட வேண்டும்.

உயிரணுவின் உட்சட்டகம்

உயிரணு வெறும் குழம்பு நிறைந்த பை அன்று. அதனுள் மூன்று வகை நுண்ணிழைகள் ஊடும் பாவுமாக ஓடி, அதற்கு வடிவமும் பலமும் தருகின்றன. ஒரு வகை, குழல்போன்ற இழைகள். பாலின் பொருள்கள் அடங்கிய நுண்பைகள் இவற்றின்மேல் ஊர்ந்து தலைப்புறம் சேர்கின்றன. இரண்டாவது வகை கெராட்டின் இழைகள். கொம்புக்கும் குளம்புக்கும் உறுதி தருவதும் இவ்வினத்தைச் சேர்ந்த பொருளே. மூன்றாவது ஆக்டின் இழை. சந்துகளை அடைக்கும் காரியத்தில் முதன்மையானது இந்த ஆக்டினே.

ஆக்டின் முதலில் தசையில் கண்டுபிடிக்கப்பட்டது. 1942இல் ஹங்கேரி தேசத்து விஞ்ஞானியான ஸ்ட்ராப் என்பவர் அதனைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். ஏரிழுக்கும் காளையின் தசை சுருங்குவது ஆக்டின் இழைமேல் மயோசின் என்ற மற்றொரு புரோட்டீன் பற்றி இழுப்பதனால் ஆகும். அவ்விரண்டும் தசையில் மட்டுமன்றி உடலின் பிற உயிரணுக்களிலும் உண்டென்பது பின்னரே விளங்கிற்று. பால்பையின் ஒவ்வோர் உயிரணுவிலும், இறுக்கப் பிணைப்பை ஒட்டிச் சுற்றிலும் ஆக்டின் இழைகள் ஒரு வளையமாக ஓடுகின்றன. நடுநடுவே மயோசின் அமர்ந்து அவ்வளையத்தை இழுத்துப் பிடிக்கின்றது. பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையின் வாய்க்கயிற்றுக்கும் இவ்வளையத்துக்கும் வேலையில் வேற்றுமை அதிகமில்லை.

வேலிக்கும் வளையத்துக்கும் நடுவே தொடர்பு உண்டாக்கும் புரோட்டீன்கள் சில உள்ளன. அவற்றுள் முதலாவது 1986இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதன் ஒரு முனை கிளாடினைப் பற்றும். மற்றொரு முனை ஆக்டினைப் பற்றும். இதற்குச் சற்றுக் கீழே காட்ஹெரின் என்னும் வேறொரு பிணைப்புப் பட்டையும் உண்டு; அதுவும் அடுத்த உயிரணுவைப் பற்றிக்கொண்டு உட்புறம் ஆக்டின் வளையத்துடன் முடியப்பட்டிருக்கின்றது. இப்பற்றுதலுக்குக் கால்ஸியம் அவசியம். ஆட்டின் மடியினுள் கால்ஸியத்தைக் கவர்ந்துகொள்ளும் மருந்தைச் செலுத்தினால் சந்துகள் நெகிழ்ந்துவிடுகின்றன. இதைக் கேட்டுத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டினால் சந்துகள் இன்னும் இறுகுமென்று கொள்ளலாகாது. நல்ல பாலில் அதற்கு வேண்டிய கால்ஸியம் எப்போதும் மிகுதியாகவே இருக்கின்றது.

ஆக்டினின் முக்கியத்துவம் சோதனையால் நிரூபிக்கப்பட்டதாகும். ஒருவகைப் பூஞ்சக்காளானிலிருந்து கிடைக்கும் ஸைட்டோகலாஸின் என்ற பொருள் ஆக்டின் இழைகளைக் குலைக்கும். கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுப் படலத்தில் அதனைச் சேர்த்தபோது, வேலிப் புரோட்டீன்களை நேரே தாக்காதிருந்தும் படலம் கசியத் தொடங்கிற்று. கயிறு அறுந்தபின் சுருக்குப்பையின் வாய் மூடியிருப்பதெப்படி?

கசிவை உடனுக்குடன் அடைத்தல்

இவ்விஷயத்தில் இன்னும் நுட்பமான ஓர் உண்மை 2019இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் தவளைக் கருக்களின் மேற்படலத்தை உயிருடனேயே பூதக்கண்ணாடியில் பார்த்துவந்தனர். உயிரணுக்களின் எல்லைக்கோடு இழுபட்டு நீளும்போது அங்கங்கே சிறு கசிவு உண்டாயிற்று. உண்டான மாத்திரத்தில், அந்த இடத்தில் மட்டும் ரோ என்னும் ஏவற் புரோட்டீன் விழித்தெழுந்தது. அதன் ஏவலால் ஆக்டினும் மயோசினும் அவ்விடத்தில் குவிந்து எல்லைக்கோட்டைச் சுருக்கின. சிதறியிருந்த வேலிப் புரோட்டீன்கள் நெருங்கி வந்து சேர்ந்தன; சில நிமிஷங்களுக்குள் கசிவு நின்றது.

நன்செய் வைத்திருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வரப்பில் நண்டு வளை வைப்பதை முற்றிலும் தடுக்க எவராலும் இயலாது. காலையில் வயலைச் சுற்றி வருபவர் கசியும் இடத்தைக் கண்டவுடன் அங்கேயே சேறெடுத்து மிதித்து அடைத்துவிட்டால் வயலில் நீர் நிற்கும். ஒரு வாரம் பாராமல் விட்டால் வளை உடைப்பாகும். நல்ல மடியில் கசிவே இல்லை என்பதன்று. உண்டாகும் கசிவு உடனுக்குடன் அடைபடுகின்றது என்பதே உண்மை. தவளையில் கண்டதனைத்தும் பசுவின் மடியிலும் அப்படியே நிகழ்கின்றதா என்பது தனியே காணத்தக்கதாயினும், ஆக்டின் வளையமும் மயோசினும் இரண்டிடத்தும் ஒன்றே.

வளையம் தளர்ந்தால் கசிவு உண்டாவதுபோலவே, அளவுக்கு மீறி இறுகினாலும் கசிவு உண்டாகும். பாரக் கயிற்றை முறுக்கினவர்கள் இதை அறிவார்கள்: அளவாய் முறுக்கினால் வைக்கோற்பாரம் அசையாது, மேலும் முறுக்கினால் கயிறே அறும். உடலில் அழற்சி ஏற்படும்போது இரத்தத்திலிருந்து வரும் சில பொருள்கள் மயோசினை மிகுதியாகத் தூண்டிவிடுகின்றன. அப்போது வளையம் சுருங்கிப் பக்கத்து உயிரணுவினின்றும் வேலியைப் பிரித்திழுக்கின்றது. இது குடலில் நன்றாக நிரூபிக்கப்பட்டிருக்கின்றது.

மடிநோயில் நிகழ்வது

மடிநோயை உண்டாக்கும் கிருமிகள் பல. ஸ்டாபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சாணத்திலும் சேற்றிலும் மிகுந்துள்ள எ. கோலை ஆகியவை முக்கியமானவை. இவை காம்புத் துவாரத்தின் வழியே உள்ளே புகுந்து பெருகி நச்சுப் பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றை எதிர்க்க இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் சந்துகளை விலக்கிக்கொண்டு பால்பைக்குள் நுழைகின்றன. கிருமியின் நஞ்சும், அழற்சியும், வெள்ளணுக்களின் நெருக்கமும் சேர்ந்து இறுக்கப் பிணைப்புகளைச் சிதைக்கின்றன. உடனே இரத்தத்திலுள்ள ஸோடியமும் குளோரைடும் பாலில் பாய்கின்றன; பாற்சர்க்கரை இரத்தத்துக்குள் சென்று மூத்திரத்தில் கழிகின்றது. ஆகவே கரிப்பு கூடுவதும் தித்திப்பு குறைவதும் ஒரே உடைப்பின் இரு பக்கங்கள். பாலில் நீரை இழுத்து வைப்பது பெரும்பாலும் பாற்சர்க்கரையே ஆதலால், அது குறையும்போது பாலின் அளவும் குறைகின்றது. நோய் தீர்ந்தபின்னும் சில காம்புகள் பழைய அளவுக்கு வராததற்கு, சந்துகளோடு பால் சுரக்கும் உயிரணுக்களே அழிந்துபோவதும் காரணம்.

உப்பு மிகுந்த பால் மின்சாரத்தை அதிகமாகக் கடத்தும். பெரிய பண்ணைகளில் கறவை இயந்திரத்துடன் பொருத்திய கருவிகள் இதனைக் கொண்டே நோய்க் காம்பை அறிவிக்கின்றன. ஒன்றிரண்டு பசு வைத்திருப்பவருக்கு அத்தகைய கருவி வேண்டுவதில்லை. கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் ஒவ்வொரு காம்பின் முதல் இரண்டு பீச்சையும் தனித்தனியே கறந்து பார்த்தால் திரி தெரியும். 1957இல் ஏற்பட்ட காலிபோர்னியாச் சோதனையில், பாலுடன் ஒருவகைச் சவுக்காரத் திரவத்தைக் கலந்தால் வெள்ளணுக்கள் மிகுந்த பால் கூழ்போல் கெட்டியாகும். திரி தோன்றுமுன்னரே நோயை இது காட்டிக்கொடுக்கும். நாவில் வைத்து உப்புப் பார்க்க விரும்புவோர் பாலைக் காய்ச்சியே பார்க்க வேண்டும். நோய் மாட்டின் பச்சைப் பாலை ருசி பார்ப்பது ஆபத்தான பழக்கம்.

நோய் கண்ட பசுவைக் கடைசியாகக் கறத்தல், அக்காம்பின் பாலைத் தொழுவத்தில் பீச்சாமல் தனியே எடுத்துக் கொட்டிவிடுதல், கறந்தபின் காம்பை ஐயோடின் திரவத்தில் தோய்த்தல், கறந்த அரைமணி நேரத்துக்கு மாடு படுக்காதபடி தீனி வைத்தல் ஆகியவை எவரும் செய்யக்கூடியவை. காம்புத் துவாரம் மூடிக்கொள்ளச் சற்று நேரம் ஆவதனாலேயே கடைசியாகச் சொன்னது அவசியமாகின்றது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பரப்பிவரும் மருந்து ஒன்றும் இங்கே குறிக்கத்தக்கது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர் கலந்து மடி முழுவதும் நாளில் பலமுறை பூசுவது அம்முறை. மடி கல்போல் இறுகி மாட்டுக்குக் காய்ச்சல் கண்டால் பூச்சை மட்டும் நம்பியிராமல் அன்றைக்கே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். அவர் காம்பில் மருந்து செலுத்தினால், அவர் குறிப்பிடும் நாள்வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றலாகாது.

கறவை நேரமும் ஊசி மருந்தும்

நோயின்றியும் சந்துகள் விடுபடுவதுண்டு. கறவாமல் நெடுநேரம் பால் தேங்கினால் பால்பைகள் விம்மி வளையங்கள் நெகிழ்கின்றன. பசுக்களில் ஏறக்குறைய 18 மணி நேரம் பால் தங்கினால் இறுக்கப் பிணைப்புகள் கசியத் தொடங்குவதாகச் சோதனைகளால் தெரிகின்றது. காலை 4 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் கறப்பவர்களுக்கு இரவில் 14 மணி இடைவெளி நேருகின்றது; அதனால் கெடுதி இல்லை. ஆனால் கலியாணம், திருவிழா என்று ஒரு வேளையைத் தவறவிட்டால் இடைவெளி 24 மணியை எட்டிவிடும். ஒருமுறை தவறினால் கறந்தபின் பிணைப்புகள் மீண்டும் இறுகிவிடும். அடிக்கடி தவறினால் பால் நிலையாகக் குறையும். வீட்டார் ஊருக்குப் போகையில் தொழுவத்தைப் பார்க்க ஆள் வைப்பவர்கள், தீனிக்கு மட்டுமன்றிக் கறவைக்கும் வகை செய்துவிட்டுப் போக வேண்டும்.

கன்றிழந்த மாட்டுக்கும் சுரப்பு விடாத மாட்டுக்கும் ஆக்ஸிடோஸின் ஊசி போடும் வழக்கம் சில இடங்களில் பரவியிருப்பது வருந்தத்தக்கது. முயல்களுக்கு அம்மருந்தை மிகுதியாகச் செலுத்திய சோதனையில் மடியின் சந்துகள் நெகிழ்ந்து பாலில் உப்பு கூடினது 1975இலேயே வெளியாயிற்று. பால்பைகளை வலிந்து பிழிவதனால் நேரும் விளைவு இது. கிராம உத்தியோகஸ்தர்கள் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். பால் பெருக வேண்டிக் கறவை மாட்டுக்குக் கேடு தரும் எப்பொருளையும் ஊசிவழியே செலுத்துவது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி குற்றமாகும். ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாடும் சர்க்கார் வசமாகும். கால்நடை வைத்தியர் நோய்க்காக எழுதிக்கொடுத்துச் செலுத்துவது வேறு.

இயற்கையாகச் சந்துகள் திறந்திருக்கும் காலங்கள்

உப்புக் கரிக்கும் பாலெல்லாம் நோய்ப்பால் என்று கருதுவதும் பிழை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே பேப்ரஹாம் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் லின்ஸெல், பீக்கர் என்ற இருவர் வெள்ளாடுகளை வைத்து ஆராய்ந்து 1974இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாக்குகின்றன. சினைக்காலத்தில் மடியின் சந்துகள் நெகிழ்ந்தே இருந்தன. ஈனும் சமயத்தை ஒட்டி அவை இறுகிவிட்டன. சீம்பால் சற்றுக் கரிப்பாயிருப்பதற்கு இது ஒரு காரணம். சீம்பாலைக் கரிக்கின்றதென்று பீச்சி எறிந்துவிட்டுக் கன்றுக்கு மறுநாள் பால் விடுவது பெரிய தீங்கு. அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களைக் கன்றின் குடல் முழுதாக ஏற்பது பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே; அதிலும் முதற்சில மணிகளில்தான் மிகுதியாக ஏற்கும். அவை கன்றின் குடலில் சந்துகளின் வழியே செல்வதில்லை. உயிரணுக்களே அவற்றை விழுங்கி மறுபுறம் விடுகின்றன. அவ்வாற்றல் ஒரு நாளில் நின்றுபோகின்றது.

கறவையின் முடிவிலும் சந்துகள் மீண்டும் நெகிழத் தொடங்கும். பால் குறைந்து கரிப்பு ஏறும். இதனையும் மடிநோயையும் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. வற்றும் பருவத்தில் நான்கு காம்புகளும் ஏறக்குறைய ஒரே சீராகக் கரிக்கும். நோயில் ஒரு காம்பு மட்டுமோ இரண்டு மட்டுமோ கரிக்கும். நான்கும் ஒன்றுபோலக் கரிக்கும் சினைப்பசுவை, ஈனுவதற்கு 60 நாள் இருக்கையில் கறவை நிறுத்திவிடுவது முறை. அந்நாட்களில் மடியின் பழைய உயிரணுக்கள் கழிந்து புதியவை தோன்றுகின்றன. நிறுத்திய முதல் வாரத்தில் காம்புகள் பாலுடன் விம்மி, வாயும் சற்றுத் திறந்திருப்பதால் கிருமி புக எளிதாகும். அப்போது தொழுவத்தின் தரையை உலர்ந்ததாக வைத்து நாளும் ஒருமுறை மடியைப் பார்க்க வேண்டும். வாடிக்கையாகப் பால் ஊற்றும் வீடுகளுக்குப் பத்து நாள் முந்தியே சொல்லி வேறு பசுவின் பாலுக்கு ஏற்பாடு செய்துவிட்டால், கரித்த பாலைப் பற்றிய சச்சரவும் நேராது.